எடை பாக்காதக்கா

4 நவம்பர் 2024, திங்கள்

இன்றும் செல்லமுத்துவோடு சண்டை. மரவள்ளி லோடு முழுக்க மண். கிழங்கை விட மண்தான் எடை. கேட்டால், "மழ ஈரம்மா, ஒட்டிக்கினு வந்துடுது, நான் இன்னா பண்ணட்டும்" என்கிறார். பதினோரு வருஷமாக ஜவ்வரிசி ஆலையில் கிழங்கில் எவ்வளவு மாவு என்று பாயிண்ட் பார்க்கிறேன், எனக்கே கதை. ஐந்து கிலோ மாதிரி எடுத்து, கழுவி, தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பார்த்ததில் இருபத்து மூன்று பாயிண்ட்தான். மாவே இல்லாத கிழங்கு. முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் ஹாலில் பரப்பியிருந்தது. தம்பி அமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கிராபிக்ஸ் கார்டு பெட்டியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். சீல் உடையாமல்தான் இருந்தது. இருந்தாலும் ஓரத்தில் ஒட்டின டேப் கொஞ்சம் கோணல். ஏன் கோணல்?

முப்பத்தேழு வயதில் பொம்பளைக்கு எதற்கு கேம் என்று ஊரே கேட்கிறது. என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டுகிறார். நான் வீட்டில் உட்கார்ந்து ஓட்டப் போகிறேன். அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரில் பஸ் கேம் போட்டால் மரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும், படம் தெளிவாக வரத்தான் இந்தக் கார்டு. ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்குவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

6 நவம்பர், புதன்

கள்ளக்குறிச்சி போனேன், அமலின் கம்ப்யூட்டர் கடைக்கு. பாக்கி இருப்பது ஒன்றுதான் — கரண்ட்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அவன் பாஷையில் எஸ்.எம்.பி.எஸ்.

மேசையில் ஒன்றை எடுத்து வைத்தான். ஐந்நூற்று ஐம்பது வாட். கையில் தூக்கினேன். லேசு. உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி.

மேலே அலமாரியில் இன்னொன்று இருந்தது. எண்ணூறு வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. தூக்கினால் கை இறங்குகிறது.

"அது வாணாங்கா. ஏஜென்ட் மத்த சரக்கோட சேத்து தலையில கட்டிட்டான். திருப்பி அனுப்பணும்."

திருப்பி அனுப்ப வேண்டியதை எதற்கு மேல் அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறான்? வேறு யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறான். அக்காவுக்குச் சின்னது போதும், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தானே?

"கார்டு கம்பெனிக்காரனே ஐந்நூத்தி அம்பது போதும்னு போட்டுருக்கான்கா" என்றான். எண்ணூறு இருக்கும்போது ஐந்நூற்று ஐம்பது எதற்கு என்றேன். எது கனம் என்று கை சொல்கிறதே என்றேன். அப்போது சிரித்தான். சிரித்துக்கொண்டே, "எடை பாக்காதக்கா, பாயிண்ட் பாரு" என்றான்.

என் வேலையை என்னிடமே நக்கல் பண்ணுகிறான்! கடையில் வேலை பார்க்கும் கண்ணகி வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டையும் கொடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

7 நவம்பர், வியாழன்

ஆலைத் தராசில் போட்டேன். சின்னது 1 கிலோ 480. பெரியது 2 கிலோ 340. அதாவது, ஏறக்குறைய ஒரு கிலோ சரக்கை எனக்குக் கம்மி பண்ணப் பார்த்தான். கூடப் பிறந்தவன்.

வேலை முடிந்து கள்ளக்குறிச்சி போய்ச் சின்னதை அமல் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி உள்ளே வைத்தான்.

10 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து அமல் சாப்பிட வந்தான். அம்மா போன பிறகு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அவனுக்கு இங்கேதான். சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் மாட்டினான்.

"அக்கா, இதுல கார்டுக்குப் போற வயரே இல்ல. மாத்து வயர் போட்டுத்தான் குடுக்கணும். கடைசியா கேக்கறேன், அந்தச் சின்னதையே கொண்டாந்து மாட்டிடட்டா?"

வேண்டாம், பெரியதையே மாட்டு என்றேன்.

ஒரே தடவையில் ஓடியது! இலை ஆடுவதுகூடத் தெரிகிறது. மலை ரோட்டில் பஸ் ஓட்டினேன். பின்னால் நின்று பார்த்த ஆல்பர்ட், "இந்த வளைவுல நாலாவது கியரா? ஜனத்த கொன்னுடுவ" என்றார். அமலும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிளம்பும்போது அமல் ஒரு சேதி சொன்னான், தலையைச் சொறிந்துகொண்டு. திருநாவலூரில் ஒரு பெண். பெயர் ஜூலியா, உளுந்தூர்பேட்டையில் நர்ஸ். இரண்டு தடவை பேசியிருக்கிறார்களாம். அவளுக்கு அப்பா இல்லை, பெரியப்பா சூசைதான் எல்லாம். "உன்ன பாக்க வருவாங்க. நம்ம பக்கம் பெரியவங்கன்னா நீதானக்கா."

வரட்டும். அவர்களையும் விசாரிக்க வேண்டும்.

12 நவம்பர், செவ்வாய்

கேமில் பஸ் மலை ஏறும்போது கம்ப்யூட்டர் ஆஃப். பொட்டென்று. திரும்பப் போட்டால் வருகிறது.

13 நவம்பர்

மறுபடி. அதே மேடு.

15 நவம்பர், வெள்ளி

பேருந்து நிலையத்தில் நின்றால் ஒரு மணி நேரம்கூட ஓடுகிறது. சமதள ரோட்டில் ஓடுகிறது. மலையில் மழை வந்தால், காடு வந்தால் — போச்சு. கருப்புத் திரை. என் மூஞ்சிதான் தெரிகிறது.

கரண்ட் மேல் சந்தேகம். ஆலை எலக்ட்ரீசியன் இளஞ்செழியனைக் கூட்டிவந்து பார்க்கச் சொன்னேன். "இருநூத்தி முப்பத்தொண்ணு வோல்ட்டுக்கா. உங்க வூட்டு லைன் தங்கம்" என்றார்.

ஆல்பர்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார், "மேட்டுல மட்டும் ஆஃப் ஆவுதா? அப்ப டீசல் பத்தல."

இது வண்டி இல்லைங்க, கம்ப்யூட்டர் என்றேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

20 நவம்பர், புதன்

கண்டுபிடித்துவிட்டேன். இன்று ஆலைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் சொன்னார் — எங்கேயோ இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டைத் துடைத்துப் புதுசு என்று விற்கிறார்களாம். டேப் கோணல்! அன்றைக்கே என் மனசு சொன்னதே!

அமலா? அமல் அப்படிச் செய்வானா?

ஏன் செய்ய மாட்டான். டிப்ளமா பாஸ் என்று இரண்டு வருஷம் என்னையும் அம்மாவையும் ஏமாற்றினவன்தானே. அம்மா அன்றைக்குக் கோயிலில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். பிறகுதான் தெரிந்தது, மூன்று பேப்பர் அரியர். அப்புறம் எழுதித் தேறினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லட்டு லட்டுதான்.

23 நவம்பர், சனி

போனேன். கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

கடையில் இரண்டு பேர் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டுமே. பழைய கார்டைத்தானே என் தலையில் கட்டினாய் என்றேன். அவன் பில்லைக் காட்டினான், பெட்டி நம்பரைக் காட்டினான். "கார்டுல ஒண்ணும் இல்லக்கா. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸ மாத்திப் பாரு, அதுதான்…" என்றான்.

ஓஹோ. நான் பொறுக்கினதுதான் குற்றம், இல்லையா? நீ கொடுத்ததெல்லாம் சுத்தம், நான் எடுத்தது மட்டும் சொத்தை!

அப்போதுதான் சொன்னேன். "டிப்ளமா பாஸுன்னு அம்மாவ லட்டு குடுக்க வெச்சவன் தானடா நீ."

பிரிண்டர் பார்த்த இரண்டு பேரும் வாங்காமலேயே போய்விட்டார்கள். அமல் மேசையிலிருந்த ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணகி என்னை முறைத்தாள்.

பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சொன்னதில் பொய் என்ன?

24 நவம்பர், ஞாயிறு

அமல் சாப்பிட வரவில்லை. கறி மிஞ்சிவிட்டது.

27 நவம்பர், புதன்

ஆலை வாசலில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, கையில் குடை. "பவுலின் நீங்கதானேம்மா? நான் சூசை, திருநாவலூரு" என்றார். வீட்டுக்குப் போனாராம், பூட்டியிருந்ததாம், விசாரித்து இங்கேயே வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஜூலியா தகப்பன் இல்லாத புள்ள. நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் பேரு. ஒரே வார்த்த சொல்லுங்க. உங்க தம்பிய நம்பிக் குடுக்கலாமா?"

நம்பிக் கொடுக்கலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். கருப்புத் திரை ஞாபகம் வந்தது. கோணல் டேப் ஞாபகம் வந்தது.

"நான் இன்னா சொல்றதுங்க. நாலு எடத்துல நீங்களே விசாரிச்சிக்குங்க."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதிதான் குடித்திருந்தார். "சரிம்மா" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார், மழையே இல்லை.

நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. விசாரியுங்கள் என்றுதானே சொன்னேன். எல்லோரும் சொல்வதுதானே.

இல்லை. பொண்ணு வீட்டுக்காரரிடம் கூடப்பிறந்தவள் சொல்கிற பேச்சா அது?

1 டிசம்பர், ஞாயிறு

புயல் மழை. நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. மலையில் மரம் விழுந்து ஆல்பர்ட்டின் பஸ் மேலேயே நிற்கிறது. நான் மட்டும் வீட்டில். இன்றும் அமல் வரவில்லை. மழைதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன்.

5 டிசம்பர், வியாழன்

ஆல்பர்ட்டுக்கு போன் வந்ததாம், சூசையிடமிருந்து. "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்றாராம்.

"நீ இன்னா சொன்ன அவருகிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். ஆல்பர்ட் கோபப்படுகிற ஆள் இல்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவர் சோற்றை விட்டு எழுந்தது இதுதான் முதல் தடவை.

நானும் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன், மலை ஏறினேன், ஆஃப் ஆனது. வேண்டுமென்றே மூன்று தடவை ஏறினேன்.

9 டிசம்பர், திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் செல்லமுத்து லோடு. மறுபடி மண். மறுபடி வாதம். அவர் எடைச் சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "எடைய பாருங்கம்மா, எடைய! போன தடவய விட ஜாஸ்தி!"

நான் கத்தினேன். "எடைய வெச்சிக்கினு இன்னா பண்றது? எடை பாக்காதீங்க, பாயிண்ட் பாருங்க!"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

செல்லமுத்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், காதில் ஏறவில்லை. அவர் லோடுக்கு என்ன பாயிண்ட் எழுதினேன் என்றே ஞாபகமில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு இளஞ்செழியனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு மாதமாக என் வீட்டில் இருக்கிற பெட்டி. தங்க எழுத்தைப் படித்தேன், தராசைப் படித்தேன், இதை மட்டும் படிக்கவில்லை.

"கார்டு குடிக்கறது பன்னெண்டு வோல்ட் லைன்லதாங்க்கா. அதுல எத்தன ஆம்பியர்னு பாக்கணும். இதுல பதினெட்டுதான் போட்டுருக்கான். பன்னெண்ட பதினெட்டால பெருக்குங்க."

இருநூற்றுப் பதினாறு.

"கார்டுக்கே நூத்தி எழுபது வேணுமே. மத்ததெல்லாம் இன்னாத்த குடிக்கும்? மேட்டுல மூச்சு முட்டி நின்னுடுது. இது பத்திக்காம இருந்ததே பெரிசு. இனிமே போடாதீங்க."

பெட்டியில் எண்ணூறு. உள்ளே இருநூற்றுப் பதினாறு. லோடில் மண், கிழங்கில் மாவில்லை.

அவன் நக்கல் பண்ணவில்லை. அக்காவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லியிருக்கிறான். அந்தக் கடையில் அதைவிட நேராக யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான்தான் — ச்சீ.

ஆல்பர்ட்டிடம் சொன்னேன். "டீசல் பத்தலன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

12 டிசம்பர், வியாழன்

அப்படியென்றால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? அது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இளஞ்செழியன் மூன்று நாள் பிளக்கில் சொருகாமல் வைக்கச் சொன்னார், உள்ளே கரண்ட் தேங்கியிருக்குமாம். நாம் தொடக் கூடாது என்று அவரே கையுறை போட்டுத் திறந்தார்.

உள்ளே ஒரு ஓரத்தில் கைக்கு அடக்கமாக ஒரு கட்டி. இரும்புத் தகட்டின் மேல் சிமெண்ட் ஊற்றி, பசை வைத்து ஒட்டியிருந்தது. எந்த வயரும் அதற்குப் போகவில்லை.

ஆலைத் தராசில் போட்டேன். 890 கிராம். தம்பி எனக்குக் கம்மி பண்ணினான் என்று நான் எழுதினேனே, அந்த ஒரு கிலோ சரக்கு இதுதான்.

இளஞ்செழியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாயிண்ட் எவ்ளோக்கா?" என்றார். அடிக்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

13 டிசம்பர், வெள்ளி

அமல் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றேன். உள்ளே போய், "அமலு, அந்தப் பெட்டிய தொறந்து பாத்தோம்" என்று ஆரம்பித்தேன்.

"கஸ்டமர் இருக்காங்கக்கா. அப்பறம் பேசலாம்."

கடையில் ஒருத்தரும் இல்லை.

அந்தப் பெண் வீட்டுப் பேச்சு நின்றது யாரால் என்று அவனுக்குத் தெரியும். என்னிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மகராசன், கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?

15 டிசம்பர், ஞாயிறு

ஆல்பர்ட்டைக் கெஞ்சி வண்டியை எடுக்கச் சொல்லித் திருநாவலூர் போனோம். மஞ்சப்பையில் அந்தச் சிமெண்ட் கட்டி.

சூசை ஐயா நாற்காலி போட்டார். ஜூலியா தண்ணீர் கொண்டுவந்தாள். டியூட்டி முடிந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

முழுவதையும் சொன்னேன். தம்பி வேண்டாம் என்றது, நான் கனம் பார்த்து எடுத்தது, அவனைக் கடையில் வைத்துக் கேட்டது, அந்த ஆத்திரத்தில் இவரிடம் அப்படிப் பேசியது. எதையும் விடவில்லை. சூசை ஐயா கட்டியைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க பாயிண்ட் பாக்கறவங்கன்னு சொன்னாங்களே?"

"ஆமாங்க" என்றேன். தலை நிமிரவில்லை.

"சரி, அந்தப் பொட்டி கதைய வுடுங்க. கூடப் பொறந்தவங்களே தயங்கினா வேற இன்னாமோ இருக்குன்னுதானே நாங்க நெனப்போம்?"

வேறு ஒன்று இருக்கிறது என்றேன். இந்தத் தடவை ஒளிக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். அமல் டிப்ளமா பாஸ் என்று பொய் சொன்னதைச் சொன்னேன். ஆல்பர்ட் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை. லட்டு வரைக்கும் சொன்னேன். பிறகு எழுதித் தேறினதையும் சொன்னேன். அதற்கப்புறம் பத்து வருஷத்தில் அவன் ஒரு பொய் சொல்லி நான் பிடித்ததில்லை, அத்தனை நாளும் பிடிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன்.

கதவோரம் நின்ற ஜூலியா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"லட்டு கத எனக்குத் தெரியுங்க அண்ணி. அவரே மொத நாளே சொல்லிட்டாரு. அம்மாகிட்ட மன்னிப்பு கேக்கறதுக்குள்ள போயிட்டாங்கன்னு அழுதாரு."

எனக்குத் தெரியாது. அவன் அழுதது எனக்குத் தெரியாது.

"யோசிச்சி சொல்றோம்" என்றார் சூசை ஐயா. கட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஜன்னலில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆல்பர்ட் வழியில் நிறுத்திக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அண்ணி என்றாளே, கவனித்தாயா என்றார். கவனித்தேன்.

18 டிசம்பர்

சேதி ஒன்றும் இல்லை. செல்லமுத்து லோடு கழுவி வந்தது! இருபத்தெட்டு பாயிண்ட். நல்ல கிழங்கு. ஏன் திடீரென்று இவ்வளவு சுத்தம்? எதற்கும் இரண்டு தடவை பார்த்தேன். இருபத்தெட்டுதான்.

24 டிசம்பர், செவ்வாய்

ஆலையிலிருந்து வந்தால் மேசை துடைத்திருந்தது. கம்ப்யூட்டர் மூடி புதிதாகத் திருகியிருந்தது. "அமல் வந்தான், ஒரு மணி நேரம் இருந்தான், டீ குடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் ஆல்பர்ட். எனக்காகக் காத்திருக்கவில்லையா என்றால், இல்லை என்றார்.

காலிப் பெட்டி கீழே கிடந்தது. அந்தச் சின்னது, ஐந்நூற்று ஐம்பது. மேலே காகிதம் ஒட்டியிருந்தது, கண்ணகி கையெழுத்தில்: "பவுலின் அக்காவுடையது. விற்கக் கூடாது." தேதி நவம்பர் ஏழு. நான் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே எடுத்து வைத்திருக்கிறான். கடையில் அவனை அத்தனை பேச்சு பேசினபோதும் இது உள்ளேதான் இருந்திருக்கிறது.

பக்கவாட்டில் பொடி எழுத்து. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பன்னிரண்டு வோல்ட், நாற்பத்தைந்து ஆம்பியர். அதன் பக்கத்தில் பேனாவால் அமல் எழுதியிருந்தான் — "45 பாயிண்ட்".

மலை ஏறினேன். காடு வந்தது, மழை வந்தது, உச்சி வரை போனேன். நிற்கவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில் பார்த்தேன், ஆண்கள் பக்கம் முன்னால் நின்றான். முடிந்ததும் கூட்டத்தில் போய்விட்டான்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

சூசை ஐயா பேசினார். ஆல்பர்ட்டிடம் இல்லை, என்னிடம். "பொண்ணு முடிவா இருக்கு. நாங்களும் சரின்னுட்டோம். மார்ச்சுல தவக்காலம் வந்துடும், கல்யாணம் வெக்க முடியாது, அதுக்கு முன்னாடி வெச்சிக்கலாம்." பிறகு, "உங்க கல்லு இங்கதான் இருக்கு, ஜன்னல் சாத்தாம நிக்க வசதியா இருக்கு" என்று சிரித்தார்.

அமலிடமிருந்து போன் இல்லை. இன்றும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன்.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று கோயிலில் அமலின் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். நான் பெண்கள் பக்கம் நான்காவது வரிசை. பிரசங்கம் முடிந்து சாமியார் தாளை எடுத்தார். மணமகன் அமல், மணமகள் திருநாவலூர் ஜூலியா என்று படித்தார். தொடர்ந்து, வழக்கமாகப் படிக்கிறதைப் படித்தார். "இவர்கள் திருமணத்திற்கு ஏதேனும் தடை இருப்பது தெரிந்தவர்கள் உடனே பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்."

முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. அமல். இரண்டு மாதமாக என்னை நேராகப் பார்க்காதவன், அத்தனை பேரையும் தாண்டி என்னையே பார்த்தான்.

உதட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டினான்.

சிரிப்பு வந்தது, கோயில் என்றுகூடப் பார்க்காமல். முந்தானையை வாயில் வைத்துக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். அவர்கள் நினைத்ததும் தப்பில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தான். மூன்று தடவை கறி போட்டுக்கொண்டான்.